தானாக விழும் பந்து

அலுவலகத்தில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், அந்தப் பாடத்தையே கணினி விளையாட்டாக்கி விற்கும் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே பொம்மை வரைபவன். டீச்சரையே கண்ணாடியும் கொண்டையுமாக வரைந்து திரையின் ஓரத்தில் நிறுத்தினேன். பிள்ளைகள் கோணமும் வேகமும் கணக்கிட்டுப் பந்தை எறிவார்கள். கூடையில் விழுந்தால் டீச்சர் பொம்மை கைதட்டும்.

நிஜ டீச்சர் அவ்வளவு லேசில் கைதட்டுகிற ஆள் இல்லை. எந்த விளையாட்டும் வெளியே போகுமுன் நடைவழியில் அளவு டேப்பை விரித்து, கூடைக்குப் பதிலாக என்னை வாளியோடு நிற்க வைத்து, கோணமானி ஒட்டிய ஸ்பிரிங் குழாயால் பந்தை எறிவார். திரையில் விழுந்த இடத்தில்தான் தரையிலும் விழ வேண்டும். இல்லையென்றால் எங்கள் எல்லோருக்கும் அர்ச்சனைதான்.

முதலாளிக்கு இது கசந்தது.

"பசங்க தோத்துட்டே இருந்தா மூடிட்டுப் போயிடுறாங்க டீச்சர். கிட்ட வந்த பந்தை லேசா உள்ள இழுத்து விட்டுடுங்களேன்."

"பந்துக்கு யார் மேலயும் இரக்கம் கிடையாது சார். இழுத்து விட்டா அது பாடம் இல்ல, பொய்."

முதலாளி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் டீச்சர் செய்த ஒரே தப்பு.

அலுவலகப் பிரதியில் பந்து யோக்கியமாக விழுந்தது. பள்ளிகளுக்குப் போன பிரதியில் மட்டும், முதலாளி வேறு ஆளை வைத்து அந்த இழுப்பைச் சேர்த்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. அது வெளிப்பட்டதும் டீச்சர் வீட்டிலேயேதான். மகளின் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வி: இந்தக் கோணத்தில், இந்த வேகத்தில் எறிந்த பந்து இவ்வளவு தூரத்திலுள்ள கூடையில் விழுமா? கணக்கே போடாமல் 'விழும்' என்று எழுதி முட்டை வாங்கியிருந்தாள்.

"எப்படிடி கண்ணை மூடிட்டு எழுதின?"

"உன் கேம்ல இதே கோணம்தான்மா. எத்தனை தடவை போட்டாலும் விழுது."

மகளின் பள்ளிப் பிரதியைத் திறந்து பார்த்த டீச்சர், மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியே எங்களுக்கும் கேட்டது.

"இழுப்பை எடுங்க. இல்லன்னா என் பொம்மையை எடுங்க."

"உங்க முகத்தை நம்பித்தானே டீச்சர் ஸ்கூல்ல எல்லாம் வாங்குறாங்க? ரெண்டும் இருக்கட்டும்."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? டீச்சர் அன்றே வேலையை விட்டார். பொம்மை விடவில்லை. அது கம்பெனியின் சொத்தாம்.

விட்டுப்போன குழாயையும் டேப்பையும் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிய கையோடு மகளையும் என்னையும் மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். பரீட்சையில் வந்த அதே கோணம், அதே வேகம், அதே தூரம். வாளி என் கையில். பந்து வாளிக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. மறுபடி எறிந்தார். அதே இடம்.

"பாத்தியாடி?"

மகள் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்பிரிங்ல ஏதோ கோளாறும்மா."

"கோளாறு கேம்லதான். இதுதான் நிஜம்."

"அப்போ அதுல நீ எதுக்கும்மா கைதட்டின?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பொம்மையின் கைகளை வரைந்தவன் நான்.