நவம்பரில் சொன்ன விலை

மாமா குதிரைப் பந்தயத்தை விட்டது என்னால்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் பொறியியல் முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். கடலில் நிற்கும் எண்ணெய்த் தளங்களில் எந்தப் பம்பு எவ்வளவு காலம் ஓடும், எந்த வால்வு எப்போது கைவிடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூளை ஓடும். கடைக்குப் போகும்போதுகூட, தட்டுகள் இருக்கும் ஒழுங்கில் சாமான்களை எழுதிக்கொண்டு போவேன். அம்மாவும் நானும் நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ஹவுகெட்டோ பகுதியில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா, மாமியோடு அதே நகரின் மறுபக்கம் ரொம்மனில் இருந்தார். அவர் ஒரு பாடசாலையில் வாக்ட்மெஸ்தர். வெந்நீர்க் குழாய் முதல் கதவுப் பூட்டு வரை கட்டடத்தில் எது கெட்டாலும் அவரைத்தான் தேடுவார்கள். சனி, ஞாயிறு ஓய்வு.

சனிக்கிழமை மத்தியானம் ரொம்மனுக்குப் போனால் படிக்கட்டிலேயே மாமாவின் குரல் கேட்கும். வரவேற்பறை மூலையில் கணினி, பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசி, அதற்குள், பேர்கன் நகரத்தில் இருந்தபடியால் நாங்கள் பேர்கன் அங்கிள் என்று கூப்பிடும் மாமாவின் கூட்டாளி. இருவரும் எண்பதுகளில் வெள்ளவத்தையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த லிகிதர்கள். கொழும்பில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பணம் கட்டும் கடைகள் உண்டு, புக்கி என்பார்கள். அங்கே பின்னேரங்களில் இங்கிலாந்திலிருந்து வரும் நேர்முக வர்ணனையை ஒலிபெருக்கியில் போடுவார்களாம். ஒரு பந்தயக் குதிரையையும் நேரில் காணாத இந்த இரண்டு பேரும் நின்று கேட்டுக் கேட்டே இங்கிலாந்தின் சின்ன ஊர்களையெல்லாம் மனப்பாடமாக்கியிருந்தார்கள். ஒஸ்லோவுக்குப் பக்கத்திலும் பந்தயத் திடல் இருக்கிறது. மாமா ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, குதிரை நல்ல பெரிசுதான் என்றார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அவர்களுக்குப் பிடித்தது குளிர்காலத் தடையோட்டம், அதிலும் இளம் குதிரைகளின் ஓட்டம். வெறும் புல்தரையில் ஓடிப் பழகிய மூன்று வயதுக் குதிரைகளுக்கு இலையுதிர் காலத்தில் குச்சித் தட்டிகளைத் தாண்டப் பழக்குவார்கள். புத்தாண்டு பிறந்ததும் அவை எல்லாவற்றுக்கும் நான்கு வயது என்று கணக்கு. மார்ச்சில் அந்த வயதுக் குதிரைகளுக்கு மட்டும் ஒரு பெரிய பந்தயம். அதற்கான விலைகளை, அதாவது ஒன்று கட்டி வென்றால் எத்தனை கிடைக்கும் என்பதை, பந்தயம் பிடிக்கும் இணையத் தளங்கள் நவம்பரிலேயே போட்டுவிடும். பட்டியலில் இருக்கும் சில குதிரைகள் அதுவரை ஒரு தட்டியையும் பந்தயத்தில் தாண்டிக் காட்டியிரா. அதனால்தான் விலை தாராளமாக இருக்கும். ஆனால் மார்ச்சில் அந்தக் குதிரை களத்துக்கு வராவிட்டால் கட்டிய பணம் போனதுதான், திரும்பி வராது.

மாமாவும் அங்கிளும் ஆளுக்கு ஐம்பது குரோணர் கட்டுவார்கள். பிறகு மார்ச் வரை அந்தக் குதிரைக்குச் சளியா, கால் வீக்கமா, போன சனிக்கிழமை ஏன் மூன்றாவது தட்டியில் தடுமாறியது என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். மாமா குதிரையைத் தெரிவுசெய்வதற்கு ஒரு முறையும் கிடையாது. பெயர் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தால் நல்ல குதிரை. சாம்பல் நிறமென்றால் சந்தேகம். பிரான்சிலிருந்து வந்ததென்றால் மரியாதை.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மாமிக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வேலை. வீடு திரும்பும்போது இந்தச் சத்தம்தான் அவரை வரவேற்கும். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மாமியின் பெரியப்பா ஒருவர் பந்தயத்தில் வீடு வளவையே இழந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இண்டைக்கு அம்பது எண்டுவார். நாளைக்கு? நான் சொன்னால் காதிலை விழாது. நீ படிச்ச பிள்ளை. உது தோக்கிற விளையாட்டு எண்டு கணக்குப் போட்டுக் காட்டு, நீ சொன்னாக் கேப்பார்."

கேட்பார் என்பது எனக்கும் தெரியும். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அலுவலகம் விட்டு வந்த பின் அந்த வாரம் முழுவதும் அதில் இருந்தேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு விலையையும் வாய்ப்பாக மாற்றினேன்: இருபதுக்கு ஒன்று என்றால் இருபத்தொன்றில் ஒரு வாய்ப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வீதம்தான் வரவேண்டும். அது நூறைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. தாண்டிய பங்கு தளக்காரனின் பை. அடுத்ததாகப் பழைய வருடங்களின் நவம்பர்ப் பட்டியல்களைத் தேடி, மார்ச்சில் உண்மையாகவே ஓடிய குதிரைகளோடு ஒப்பிட்டேன். கால் முறிந்தவை, வேறு பந்தயத்துக்கு அனுப்பப்பட்டவை, தட்டியைக் கண்டாலே மிரண்டவை என்று ஒரு கூட்டம் வழியிலேயே நின்றுபோயிருந்தது. பொருத்துவதற்கு முன்பே பழுதாகும் பம்புகளை நாங்கள் கணக்கில் எடுப்பது போலத்தான் இதுவும். சந்தோஷமாக வேலை செய்தேன். அதை இப்போது சொல்லக் கூசுகிறது.

கேட்காத வேலை ஒன்றையும் செய்தேன். முந்தைய குளிர்காலங்களில் மாமாவும் அங்கிளும் கட்டிய குதிரைகள் எவை என்று, அவர்கள் கதைத்ததெல்லாம் என் நினைவில் இருந்தபடியால், அவற்றையும் சரிபார்த்தேன். மாமி அதைக் கேட்கவில்லை. வேலை முழுமையாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கணக்குகளுக்கு நடுவில் ஒரு குதிரை என் கண்ணில் பட்டது. அயர்லாந்தில் பழக்கியது, சின்ன உடம்பு, சேற்று நிலத்தில் ஒரே ஒரு தடையோட்டம் ஓடி இரண்டாவதாக வந்தது. அந்த ஓட்டத்தின் படத்தைப் பார்த்தேன். மற்றவை தட்டிக்கு முன்னால் அடி வைக்கத் தெரியாமல் திணற, இது மட்டும் வேகம் குறையாமல் தாண்டியது. அதற்குப் போட்டிருந்த விலை முப்பத்துமூன்றுக்கு ஒன்று. என் கணக்கில் அது இருபதுக்கு மேல் போயிருக்கக்கூடாது. தளக்காரன் பிழை விட்டிருந்தான். தோற்கிற விளையாட்டு என்று நிரூபிக்கப் போகிறவள் இதையும் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரொம்மனில் பேர்கன் அங்கிளும் ஸ்பீக்கரில் இருந்தார். நான் கணக்குச் சொல்லப் போகிறேன் என்றதும், பாராளுமன்றத்தில் மந்திரி எழும்புகிறார், எல்லோரும் சத்தம் போடாமல் இருங்கள் என்று அங்கிருந்தே அறிவித்தார். மாமா கதிரையைத் திருப்பிப் போட்டு, வைத்தியரிடம் இருப்பது போல முழங்காலில் கைவைத்து இருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். விலைகளின் கூட்டுத்தொகை. வழியில் நின்றுபோகும் குதிரைகள். தளக்காரனின் பங்கு. அதுவரைக்கும் மாமா தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"நீங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு வருசமும் தெரிஞ்சதையும் பாத்தனான், மாமா. நாணயத்தைச் சுண்டித் தெரிஞ்சிருந்தாலும் உவ்வளவுதான் வந்திருக்கும்."

பதிலுக்குப் பேர்கன் அங்கிள்தான் பேசினார்.

"ஆனால் பிள்ளை, நாணயத்தைப் பற்றிக் கதைக்க ஏலாதே."

நான் சிரித்தேன். பகிடி என்றுதான் நினைத்தேன். மாமா சிரிக்கவில்லை. நீ சொல்வது சரி என்றார். அன்றே மாமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இனிக் கட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, தளத்தில் இருந்த தன் கணக்கை மூடினார். மாமி குசினியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். பெட்டியில் ரோல்ஸ் கட்டித் தந்தார். ரயிலில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு வேலையைச் சுத்தமாக முடித்துவிட்ட திருப்தியோடு வீடு வந்தேன்.

அந்தக் குளிர்காலம் ரொம்மனுக்குப் போகும்போதெல்லாம் படிக்கட்டு அமைதியாக இருந்தது. மாமா குளியலறைக்குப் புதுத் தரை ஓடு பதித்தார். பால்கனிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார். ஒரு சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே பாடசாலைக்குப் போய்க் கொதிகலனைப் பார்த்துவிட்டு வந்தாராம். பேர்கன் அங்கிள் முதலில் வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்தார். இருவரும் அங்கே மழையா, இங்கே பனியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பிறகு அதுவும் குறைந்தது. மாமி என்னிடம் குறை சொல்லவில்லை. தை மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வரும்போது வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரிவதில்லை என்றார். சொல்லிவிட்டு உடனே, நல்லதுதான், நல்லதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மார்ச் வந்தது. அந்தப் பெரிய பந்தயம் வார நாளில் நடக்கும். மாமா வருடா வருடம் அதற்கு லீவு போடுவார். இந்த வருடத்து லீவையும் போன கோடையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டபடியால் சும்மா வீட்டில் இருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் அரை நாள் எடுத்துக்கொண்டு போனேன். சும்மா பார்ப்போமே என்று கேட்டேன். ஓம் என்றார். மாமி வேலைக்குப் போயிருந்தார். கணினியில் உள்ளங்கை அளவு படம் விட்டு விட்டு ஓடியது. மாமா என் கதிரைக்குப் பின்னால் நின்றபடியே பார்த்தார், உட்காரவில்லை.

என் அயர்லாந்துக் குதிரை வந்திருந்தது. வழி முழுவதும் கூட்டத்துக்கு நடுவிலேயே ஓடியது. கடைசித் திருப்பத்தில் முன்னுக்கு வந்து, கடைசித் தட்டியை எல்லாவற்றுக்கும் முதலில் தாண்டியது. மாமா என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்த கை இறுகுவது எனக்குத் தெரிந்தது. முடிவுக் கோட்டுக்கு ஏறும் மேட்டில் இன்னொன்று அதைப் பிடித்து முந்தியது. இரண்டாவது.

"வடிவாப் பாயுது," என்றார் மாமா. "உதை ஒருத்தரும் சொல்லேல்லையே."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒன்றை ஒளித்துவைத்திருப்பது அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை.

"நான் நவம்பரிலேயே பாத்தனான், மாமா."

"என்ன விலை?"

"முப்பத்துமூண்டுக்கு ஒண்டு."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பிள்ளைகள் அழுக்குப் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப சொல்லியிருக்கலாம். வெல்லாட்டிலும் பரவாயில்லை. இண்டைக்கு வரைக்கும் அவனோடை கதைக்க ஒண்டு இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அறை சூடாகிவிட்டது என்று ஹீற்றரின் திருகைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். கணக்கைத் திரும்பத் திறக்கலாம் என்று நான் சொல்லத் துணியவில்லை. மாமிக்குக் கொடுத்த வாக்கை அவர் எனக்காக மீறமாட்டார். மாமியின் பயமும் பொய்யில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை, என்னைத் தவிர.

அடுத்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பேர்கன் அங்கிள். புதுப் பட்டியல் வந்துவிட்டது, நீ என்ன நினைக்கிறாய் என்றார். மாமாவிடம் கேளுங்கள் என்றேன். கேட்டேன், அவன் உன்னைத்தான் கேட்கச் சொன்னான், உனக்குத்தான் தெரியுமாம் என்றார். மறுக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் எடுத்தார். மூன்றாவது வாரம், அவர் எடுக்கும் நேரத்துக்கு நான் பட்டியலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. மாமாவிடம் இருந்த ஒன்று இப்போது என் மேசையில் இருந்தது.

அந்த டிசம்பரில், நத்தாருக்கு முன்பு மாமா எங்கள் வீட்டுக் குழாயைத் திருத்த வந்தார். சிங்கின் கீழே பாதி உடம்பை நுழைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. நான் அதை ஸ்பீக்கரில் போட்டு, குசினி வாசலுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன். பேர்கன் அங்கிள் ஒரு சாம்பல் குதிரையைப் புகழத் தொடங்கினார். உள்ளே ஸ்பானர்ச் சத்தம் நின்றது.

"அது ஈர நிலத்திலை ஓடாது எண்டு சொல்லு அவனுக்கு."

"நீங்களே சொல்லுங்கோ, மாமா. லைனிலைதான் இருக்கிறார்."

"கை ஈரம், பிள்ளை. நீ சொல்லு."

பேர்கனில் கேட்டிருக்கும். ஆனால் அங்கிள், நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னேன். அங்கிள், சாம்பல் குதிரைகளைப் பற்றி அவனுக்கு எப்போதும் இதே கதைதான், வெள்ளவத்தையிலும் இப்படித்தான் என்று பெரிய குரலில் திட்ட ஆரம்பித்தார். சிங்கின் கீழேயிருந்து பதில் வந்தது. பிறகு அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. தொலைபேசியைத் தரையில் வைத்துவிட்டு நான் சுவரோடு நின்றேன்.

அந்தச் சாம்பல் குதிரை ஈர நிலத்தில் இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.