நெல்லோடு காய்ந்த ஆக்சிஜன் மெஷின்

“23.10.2023, திங்கள், ஆயுத பூசை. டிராக்டர், பம்புசெட், அரிவாள், அக்காவின் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று.” என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான்.

அக்காவின் மெஷின் என்பது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில், சின்ன பீரோ உயரத்தில் சக்கரம் வைத்து நிற்கும். அக்காவின் நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து அதன் குழாய் அவள் மூக்கிலேயே இருக்கிறது. வெளியே எங்கும் போவதில்லை. அந்த வாரம் மட்டும் போயே தீருவேன் என்றிருந்தாள். வெள்ளிக்கிழமை நன்னிலத்தில் மகளுக்கு வளைகாப்பு. மருத்துவர் ஒரே நிபந்தனையோடு அனுமதி தந்திருந்தார்: மெஷின் ஒழுங்காக ஓட வேண்டும், கூடவே போக வேண்டும். வீட்டிலிருந்த சிலிண்டர் அவசரத்துக்குத்தான் தாங்கும்.

பூசையன்று எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது என்பது அத்தானின் கொள்கை.

“ஒரு மணி நேரமாவது அதுக்கு ரெஸ்ட் குடுக்கணும் மாப்ள. வருஷம் பூரா உழைக்குதுல்ல?”

“அது ரெஸ்ட் எடுத்தா நானும் நிரந்தரமா ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதான்” என்றாள் அக்கா.

கடைசியில் அவளைச் சிலிண்டருக்கு மாற்றி, மெஷினை நிறுத்தினோம். அத்தான் டிராக்டரைக் கழுவிய கையோடு மெஷினின் காற்று வடிகட்டியையும் கழற்றிக் குழாயடியில் அலசி, உதறி, சொட்டச் சொட்ட மாட்டினார். சந்தனம், குங்குமம் வைத்தார். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால் கற்பூரத்தை மட்டும் தெருவில் நின்று காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா மறுபடி மெஷினுக்கு வந்தாள்.

மறுநாள் மாலை மெஷினின் பச்சை விளக்கு மஞ்சளானது. ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம். அக்காவைச் சிலிண்டருக்கு மாற்றி, தீர்ந்தால் போட இன்னும் இரண்டை வாடகைக்கு எடுத்து வந்தேன்.

கும்பகோணத்தில் இந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, “உள்ள ஈரம் போயிருக்கும் சார், காலையில வர்றேன்” என்றாள். அத்தான் காதில் ‘ஈரம்’ மட்டும்தான் விழுந்தது.

புதன்கிழமை காலை அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, சாலையோரத் தார்ப்பாயில் அத்தானின் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில், மூடி கழற்றப்பட்டு, நெற்றியில் குங்குமத்தோடு மெஷினும் காய்ந்துகொண்டிருந்தது.

“ஏன் சார், இதையும் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பப் போறீங்களா?”

“ஈரம்னு சொன்னியேம்மா. நல்ல வெயிலு. மத்தியானத்துக்குள்ள சருகாட்டம் காஞ்சிரும்.”

அவள் சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கி, பிறகு விளக்கினாள். மெஷினுக்குள் இரண்டு உருளைகள். அவற்றில் கடுகு போன்ற வெள்ளை மணிகள். சியோலைட் என்ற கனிமத்தைப் போலச் செயற்கையாகச் செய்தவை. மணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அமுக்கிய காற்றை ஓர் உருளைக்குள் விட்டால், மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் பெரும்பாலும் நழுவி வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்த நைட்ரஜனை விட்டுவிடும். ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும். கூடத்தில் நாள் முழுக்கக் கேட்கும் ‘டக், புஸ்’ சத்தம் அதுதான்.

நான் அதுவரை இதைச் சல்லடை என்றே நினைத்திருந்தேன். பெரியது மாட்டும், சிறியது விழும் என்று. படித்துப் பார்த்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே அளவு. துளைக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் நைட்ரஜனைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கின்றன. அந்தக் கொஞ்சத்தில்தான் அக்கா மூச்சு விடுகிறாள். இதே வேலையை ஆலைகளில் வீடு உயரக் கலன்களில் செய்கிறார்கள். எரிசாராயத்தில் கடைசியாக ஒட்டியிருக்கும் தண்ணீரை எடுப்பதற்கும் இதன் உறவுக்காரக் கல்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் யாரோ இயற்கையான சியோலைட்டைச் சூடாக்கியபோது அது நீராவி விட்டுக் கொதித்ததாம். ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களை ஒட்டி அந்தப் பெயரை வைத்தார்கள்.

“நைட்ரஜனை விட இதுக்குத் தண்ணி ரொம்பப் பிடிக்கும். குடிச்சா லேசுல விடாது” என்றாள் அந்தப் பெண். “அடுப்புல வச்சுச் சுடுற மாதிரி சூடு வேணும். ஐப்பசி வெயிலுக்கெல்லாம் மசியாது. திறந்து கிடந்தா காத்துல இருக்குற ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும். நல்ல வேளை, உருளையைத் திறக்கல நீங்க. ஆனா வடிகட்டி வழியா உள்ள போன ஈரமே போதும், உருளையை மாத்தித்தான் ஆகணும்.”

“கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரம்னு திருப்பி அனுப்புறான். இப்போ காத்தும் ஈரமா?” அத்தான் தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டார்.

புது உருளைகள் திருச்சியிலிருந்து வர வேண்டும். அக்கா சிலிண்டர் குழாயோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமாம்மா?”

“பஸ்ஸுல போட்டு விடச் சொல்லியிருக்கேன்மா. நாளைக்கு வந்துட்டா ஆயிரும்.”

“வரலைன்னா?”

அவள் போனை எடுத்துத் திருச்சிக்கு மறுபடி அழைத்தாள். அக்கா கணவனைப் பார்த்தாள். “என்னங்க, நான் மட்டும் போக முடியாமப் போகட்டும், உங்களை அந்த நெல்லோட சேர்த்துக் கிண்டிவிடுறேன்.”

வியாழக்கிழமை கும்பகோணம் பஸ் நிலையத்தில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்பே அத்தான் நின்றிருந்தார். திருச்சி பஸ்கள் ஒவ்வொன்றிலும் ஏறிக் கண்டக்டரை விசாரித்தார். மதியத்துக்கு மேல் வந்த பஸ்ஸில், வாழைத்தார்களுக்கு நடுவே அட்டைப்பெட்டி இருந்தது. கைக்குழந்தையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். மழைத் தூறலுக்குத் தன் துண்டால் போர்த்தினார். துண்டு நனைந்ததும் பதறி எடுத்தார். அந்தப் பெண் உருளைகளை மாற்றி, காய்ந்த வடிகட்டியைப் போட்டு, ஆக்சிஜன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் அணைந்து பச்சை எரிந்தது. அக்கா உடனே பட்டுப்புடவையை எடுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காரில் சிலிண்டர், பின்னால் வேனில் சீர்வரிசைத் தட்டுகளுடன் மெஷின். மழையில் கரண்ட் போகலாம் என்று சம்பந்தி வீட்டார் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். போகவும் செய்தது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்ததால், முக்கால்வாசி வளைகாப்பை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மகளின் இரண்டு கைகளிலும் அக்கா கண்ணாடி வளையல் அடுக்கினாள். பக்கத்தில் ‘டக், புஸ்’. யாரோ, “இந்த நாதஸ்வரம் நல்லாருக்கே” என்றதற்குக் கூடமே சிரித்தது.

பிறகு அக்கா நலங்குப் பாட்டு பாடினாளாம். நோய் வந்த பிறகு அவள் பாடியதே இல்லை. பல்லவியோடு நிறுத்திக்கொண்டாள் என்கிறாள் சம்பந்தியம்மா. முழுப் பாட்டையும், குழாயைக் கழற்றாமல், நடுவில் நிறுத்தாமல் பாடினாள் என்று அத்தான் சத்தியம் செய்கிறார். அக்காவோ கேட்டால் சிரிக்கிறாள். ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. யாரும் பதிவு செய்ததாகவும் தெரியவில்லை. முழுப் பாட்டா, பல்லவி மட்டுமா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.