வால்வில் வைத்த பொட்டு

தப்புச் செய்தவன் நான். பழியை ஃபிட்டர் மேல் போட்டேன். அவர் வேலை போயிற்று.

அறுபதுகளின் தொடக்கம். அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் ஆராய்ச்சிக்காகப் புதுக்கோட்டையில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நான் இன்ஜினியர். காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய இரும்புக் கலத்துக்கு, அண்டா வாய் அகலத்தில் ஒரு வால்வு. அதை அடைக்கும் ரப்பர் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் வரைந்தவன் நான். வளையத்தில் விரல் ஈரம் பட்டாலும் வெற்றிடம் கெடும். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

ஆயுத பூஜையன்று லேத், பம்பு, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். வால்வு திறந்து கிடந்தது. மறுவாரம் டில்லியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். என் கணக்கின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. சந்தனத்தைக் குழைத்து வளையத்தின் மேலேயே அப்பி, குங்குமமும் வைத்தேன்.

கலத்தைப் பூட்டிக் கழற்றும் ஃபிட்டர் பார்த்துவிட்டார். "சார், ரப்பர்லயா?"

"வால்வுக்கும் பூஜைதான்யா. நான் தொடச்சுக்கிறேன்."

மறந்துபோய் மூடிவிட்டேன்.

வந்தவர்கள் முன்னால் பம்பு நாள் முழுக்க ஓடியும் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. வால்வைத் திறந்தார்கள். நசுங்கிய பல்லிபோல ஒட்டிக் கிடந்தது சந்தனம்.

"எந்த மடையன் வேலை இது?" என்றார் எங்கள் தலைவர்.

ஃபிட்டரை நிரந்தரமாக்கும் சிபாரிசு அந்த மாதம் என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"இவனுகளுக்கு எத்தன சொன்னாலும் ஏறாது சார்."

அந்தக் குரல் நினைவுக்கு வந்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. மறுநாளே அவரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

சிரித்தார். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே. விட்டுத் தள்ளுங்க."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி அவர் சிரிப்பைவிட அசிங்கம்.

ஃபிட்டர் மணமேல்குடியில் பம்புசெட் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வேலை பேசி வைத்துவிட்டு அவரைப் பார்க்கப் போனேன். அதையும், தலைவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பொட்டு வச்சது போகட்டும் சார். பயத்துல யாரும் வைப்பாக. 'இவனுக'ன்னீங்களே, அதுக்கு என்ன வேல வாங்கித் தருவீங்க?"

ஸ்பேனரைத் திரும்பப் போல்ட்டில் மாட்டினார்.

"அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. வேட்டியில எண்ணெ தெறிக்கும்."

தள்ளி நின்றேன். அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அவர் போகவே இல்லை.