மூட்டைகள் முதலில் போன வெள்ளிக்கிழமை

ஆறு ஏறுகிறது என்ற செய்தி எங்கள் தோட்டத்துக்குத் தொலைபேசியில் வந்தது. மலைப்பக்கம் விடாமல் மழை, நாளை மாலைக்குள் தண்ணீர் கீழ் டிவிசனுக்கு வந்துவிடும், எல்லாரும் மேட்டு டிவிசனுக்குப் போய்விட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். என் கணவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. ஆபீஸ் செய்தி எதுவானாலும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்தான் வீட்டில் சொல்வார். அன்றும் அப்படியே சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

மோர் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. என் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். சில நாட்களாக நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே பூனைக்குட்டி ஒன்று கறகறப்பது போலச் சத்தம் கேட்டது. "ஈரம் மட்டும் படவே கூடாதும்மா. நனைஞ்சா இழுப்பு வந்துடும்" என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லியிருந்தார். சுங்கை சிப்புட்டுக்கும் உள்ளே, ஆற்றோரத்தில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில், மழைக்காலத்தில் இதைச் சொல்வது அவருக்குச் சுலபம். நான் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் அவளுடைய துணிகளைப் பரப்பி, திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தேன். காய்வதற்குள் அடுத்ததை நனைத்துவிடுவாள். வெள்ளம் என்றதும் எனக்கு வீடு நினைவுக்கு வரவில்லை, பானை சட்டி நினைவுக்கு வரவில்லை. இந்தப் பிள்ளையை நனையாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்பது ஒன்றுதான்.

"இப்பவே கிளம்பிடலாமே" என்றேன்.

சாய்வு நாற்காலியிலிருந்து என் மாமனார் கேட்டார். "இன்னைக்கு என்னா கிழமை?"

அவர் பெரிய கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழமை தெரியாமல் கேட்கவில்லை. பஞ்சாங்கம் அவர் மடியிலேயே இருந்தது.

"வெள்ளிப்பா" என்றார் கணவர்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீட்டுப் பொம்பளய வெளிய அனுப்புறதா? லச்சுமியக் கையப் புடிச்சி ரோட்டுல விட்ட மாதிரி இருக்கும்."

"சரி, நாளைக்குக் காலையிலயே போலாம்."

"நாளைக்குச் சனி. மேட்டு டிவிசன் எந்தப் பக்கம் இருக்கு?"

கணவர் வாய்க்குள் சொன்னார். "கெழக்கே."

"சனிக்கெழம கெழக்கே சூலம். திங்களும் கெழக்கே சூலம். ஞாயித்துக்கெழம போலாம். நல்ல நாளு."

"ஞாயித்துக்கெழம ஆறு இந்த நாக்காலியில உக்காந்திருக்கும்பா."

"அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது?"

கணவர் என்னைப் பார்த்தார். துரைக்கும் அப்பாவுக்கும் நடுவில் அகப்பட்டால் அவர் எப்போதும் என்னைத்தான் பார்ப்பார். நான் ஈப்போவில் பள்ளிக்கூடம் போனவள். ஆறு கிழமை பார்த்து வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் சூலத்தை மீறிக் கிளம்பி, வழியில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானே என்னைச் சும்மா விடமாட்டேன். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் அம்மா செய்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"மாமா, பரஸ்தானம் அனுப்பிட்டா?"

பரஸ்தானம் என்றால், போக வேண்டிய திசையில் உள்ள ஒரு வீட்டுக்கு நம் துணிமணியை முன்னதாகவே நல்ல நேரத்தில் அனுப்பி வைப்பது. மூட்டை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகவே அர்த்தம். பிறகு ஆள் எந்தக் கிழமை போனாலும் சூலம் தொடாது. வெள்ளிக்கிழமை கிழக்கே சூலம் இல்லை. துணி மூட்டை வீட்டுப் பெண்ணும் இல்லை.

மாமனார் பஞ்சாங்கத்தை மூடினார். "பாத்தியா, படிச்ச பொண்ணுன்னா இப்பிடில்ல இருக்கணும்!" என்று மகனிடம் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது. அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மூட்டைக்கு ஒரு புடவையும் ஒரு மஞ்சளும் போதும். ஆனால் வண்டிதான் போகிறதே, நாளை நாங்கள் அங்கே போய் இறங்கும்போது பிள்ளைக்குக் காய்ந்த துணி தயாராக இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. கூடையின் மேல் காய்ந்த துணிகள், பிளானல் சட்டைகள், கம்பளி, நெஞ்சில் தடவும் தைலம் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினேன். ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் துணி நிறுத்திக்கொண்டேன். கட்டி முடித்ததும் அவிழ்த்தேன். இன்னும் இரண்டு துணி எடுத்துக்கொள்ளலாமா? எடுத்தால் அங்கே குறையுமே? மறுபடி உள்ளே வைத்துக் கட்டினேன்.

எங்கள் டிவிசனுக்கு ஒரே மாட்டு வண்டிதான் மிச்சம். மற்ற வண்டிகளெல்லாம் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தன. துரையின் உத்தரவில் ஷீட்டுகள்தான் முதலில் இருந்தன. எங்கள் மூட்டையை வண்டியில் வைத்தபோது பக்கத்து வீட்டுக் கங்காணியின் மனைவி வந்து நின்றாள்.

"என்னாங்க கிராணியம்மா, நீங்க போகாம மூட்ட மட்டும் போகுது?"

சொன்னேன். அவள் அப்படியே திரும்பி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து ஓடினாள்.

சற்று நேரத்தில் லயம் முழுவதும் மூட்டையோடு வந்துவிட்டது. முதலில் வந்தவை ஒழுங்கான மூட்டைகள். ஒரு வேட்டி, ஒரு தேங்காய், ஒரு மஞ்சள். பிறகு மூட்டைகள் பெருக்கத் தொடங்கின. ஒருத்தி ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தாள். "அது துணி இல்லியே அக்கா" என்றேன். "நான் தெனமும் தொடுற சாமான்தானேங்க? எனக்கு அதுதான் பொருத்தம்" என்றாள். அவள் புருஷன் கட்டிலைக் கொண்டுவந்தான். அவன் தினமும் தொடுகிற சாமான் அதுதான் என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கோழிக் கூடை வந்தது. இரண்டு ஆடுகளும் வந்தன.

வண்டிக்காரர் ஏறி உட்கார இடமில்லாமல் ஏர்க்கால்மேல் ஒட்டிக்கொண்டார். "ஆளு யாரும் ஏறலியா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம அண்ணே" என்றாள் கங்காணியின் மனைவி.

"ஆடு மட்டும் போலாமா?"

"அது கெடா ஆடு அண்ணே. லச்சுமி இல்ல."

மாமனார் கற்பூரம் காட்டினார். வண்டி கிளம்பியது. அதைப் பார்த்துக் கையசைத்தோம். எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. ஒருவரும் கவனிக்காத ஒன்றை வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் என் கணவர் சொன்னார். "நாளைக்கு நம்மள ஏத்திட்டுப் போக இந்த வண்டிதானே இருக்கு?"

"திரும்பி வரும்" என்றார் மாமனார்.

வரவில்லை. காலையில் வெளிச்சம் வந்தபோது வீட்டுக்கு முன்னால் ரோடு இருந்த இடத்தில் பழுப்பாகத் தண்ணீர் ஓடி, வீட்டுக்குள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. துரை சொன்ன மாலை வரைக்கும் ஆறு பொறுத்திருக்கவில்லை. நடுவிலிருந்த மரப்பாலம் முழுகிவிட்டது, மாடுகள் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டன என்று மேட்டிலிருந்து நீந்தி வந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். "கவலப்படாதீங்க. மூட்டைங்க எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணுகூட நனையல" என்றும் சொன்னான்.

நான் நிறுத்திக்கொண்ட துணிகள் ராத்திரியோடு தீர்ந்துவிட்டன. கூரை ஒழுகிக் கரியடுப்பும் அணைந்திருந்தது. என் புடவையில் சுற்றலாம் என்றால் அது இடுப்புவரை ஈரம். பெட்டியைத் திறந்தேன். பெட்டிக்குள்ளும் தண்ணீர். பிள்ளை இருமினாள். இருமி முடித்து மூச்சை இழுத்தபோது அந்தப் பூனைக்குட்டி இன்னும் பலமாகக் கறகறத்தது. நேற்று அந்த மூட்டையை ஏன் கட்டினேன்? கட்டியதை ஏன் அவிழ்த்தேன்? அவிழ்த்ததை ஏன் மறுபடி கட்டினேன்? நான் அழுதுவிட்டேன்.

மாமனார் வாசலில் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். பயணத்துக்கென்று சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். ஓய்வு பெற்ற நாளில் தோட்டத்தில் கொடுத்தது. நீளமானது, நல்ல பருத்தி, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சரிகை. அதை யாரும் தொடக்கூடாது. துவைக்கவும் அவரே துவைப்பார். அன்று அந்த வீட்டில் காய்ந்திருந்த துணி அது ஒன்றுதான். எனக்கு அது தெரிந்தது. கேட்க வாய் வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார்.

"இந்தா அம்மாடி."

"மாமா, அவ ஈரம் பண்ணிடுவாளே..."

"பண்ணட்டும். பெரிய கங்காணி தலையில இருந்தது. தாங்கும்."

அவரே சுற்றினார். நாற்பது பேரை வேலை வாங்கியவருக்குத் தலைப்பாகை கட்டத் தெரிந்ததே தவிர, பிள்ளையைச் சுற்றத் தெரியவில்லை. அதனால் தலையைக் கட்டுவது போலவே கட்டினார். முடிவில் ஒரு பெரிய தலைப்பாகையும் அதன் நடுவில் இரண்டு கண்களும்தான் தெரிந்தன. கணவர் சிரித்தார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

கம்பம் என்று சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் சம்பான் படகைத் தள்ளிக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டம் கூட்டமாக ஏற்றிப் போகிறார் என்றார்கள். எங்கள் முறை வந்ததும் எங்களைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

"பாராங் மானா?"

சாமான் எங்கே என்று கேட்டார். நேற்றே போய்விட்டது என்று கணவர் மலாயில் சொன்னார். லயத்தில் எல்லாருடைய சாமானுமா என்று கேட்டார். எல்லாருடையதும்தான், ஆடு உட்பட என்றார் கணவர். அந்த மனிதர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளத்துக்கு முந்திய நாள் ஆட்டைக் கரையேற்றிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்த சனங்களை அவர் எங்கும் கண்டதில்லையாம்.

"என்னா சொல்றான்?" என்றார் மாமனார்.

"நம்ம யோசன நல்லா இருக்குன்னு சொல்றாருப்பா."

"பின்ன?" என்றார் மாமனார் திருப்தியோடு.

வழி நெடுக மழை. மாமனார் வெறுந்தலையோடு என் எதிரில் உட்கார்ந்து, எங்களிடம் இருந்த ஒரே குடையைக் குழந்தைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். குடை என் பக்கம் சாய்ந்தால் பிள்ளை கால் நனைகிறது என்றேன். அவர் பக்கம் சாய்ந்தால் தலை நனைகிறது என்றேன். நேராகப் பிடித்தால் காற்று அள்ளிவிடும் என்றேன். "அம்மாடி, குடைய நீ புடிக்கிறியா, நான் புடிக்கவா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம்தான் மூட முடிந்தது.

பாலம் இருந்த இடத்தில் சம்பான் ஒருமுறை பக்கவாட்டில் திரும்பி, ஒரு ரப்பர் மரத்தில் மோதி நின்றது. நான் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் உள்ளே அடித்து, என் மடியில் ஏறி, என்னை முழங்கைவரை நனைத்தது. கண்ணைத் திறந்தபோது பிள்ளை மாமனாரின் கையில் இருந்தாள். அவர் எழுந்து நின்று, அவளைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். எப்போது என் கையிலிருந்து எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மலாய்க்காரர் உட்காரும்படி கத்திக்கொண்டிருந்தார். உட்கார் என்பது புரியும் அளவுக்கு மாமனாருக்கு மலாய் தெரியும். கேட்காதது போல் நின்றார்.

மேட்டு டிவிசனில் ரப்பர் ஷீட் வைக்கும் ஸ்டோரைத் திறந்து எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஷீட்டுகள், ஒரு பக்கம் மூட்டைகள், நடுவில் நாங்கள். மேட்டு லயத்துப் பெண்கள் கஞ்சியும் நெருப்புச் சட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் நேராக எங்கள் மூட்டையைத் தேடி ஓடினேன். அது அடியில் கிடந்தது. அதற்கு மேல் ஆட்டுக்கல். அதற்கும் மேல், வழி நெடுக, அந்த இரண்டு கெடாக்கள் நின்றுகொண்டு வந்திருக்கின்றன. மழையில் ஒரு மூட்டையும் நனையவில்லை என்று அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. என் மூட்டையை நனைத்தது மழை இல்லை.

அவிழ்த்ததும் எழுந்த நாற்றத்தில் கங்காணியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "கிராணியம்மா, ஒங்க பயணம்தான் நல்லாத் தொடங்கியிருக்கு!"

திரும்பி வந்து நெருப்புச் சட்டிக்கு அருகில் தலைப்பாகையை மெதுவாகப் பிரித்தேன். எங்கள் கூட்டத்தில் அந்த ஒரு பிள்ளைதான் காய்ந்திருந்தாள். கழுத்து, முதுகு, அக்குள், பாதம் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தாள். கொஞ்சம் கஞ்சித் தெளிவு குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். சுற்றிலும் எல்லாரும் கிடந்த இடத்தில் சாய்ந்துவிட்டார்கள். மத்தியான வெளிச்சத்தில் ஸ்டோர் முழுவதும் குறட்டை.

நான் தூங்கவில்லை. குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தேன். கறகறப்பு கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் குறைந்துவிட்டதா, இல்லை இவர்கள் விடும் குறட்டையில் எனக்குக் கேட்கவில்லையா? மூக்கின் அருகே விரலை வைத்தேன். மூச்சு வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. பிள்ளை ஏன் இத்தனை அமைதியாகத் தூங்குகிறது? நன்றாக இருக்கிற பிள்ளை இப்படித் தூங்குமா? தூங்கட்டும் என்று கையை எடுத்தேன். எடுத்த கையை மறுபடி வைத்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் உள்ளங்காலில் லேசாகச் சுண்டினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து வீறிட்டாள். தகரக் கூரை அதிர்ந்தது. கோழிகள் கூடைக்குள் பறந்தன. ஆள் ஆளாக எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்து ஷீட்டுகளின் மேல் ஏறினார்கள்.

"என்னா ஆச்சு? என்னா ஆச்சு?" என்று கணவர் ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல. தூங்கிட்டிருந்தா" என்றேன்.

"அதுக்கா எழுப்பின?"

நான் அவள் அழுகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீளமாக, கணீரென்று, ஒரே மூச்சில் அழுதாள். நடுவில் எங்கும் இழுப்பு இல்லை. எல்லாரும் அவளை நிறுத்தச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று நான் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன்.