காதில் சொன்னது

பெரியம்மாவுக்குப் பொறாமை உண்டு. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை, அவரே மெழுகியதில்லை. "எனக்கு வயிறு எரியுதும்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளைக்கு மூக்குத் துடைக்கப் போய்விடுவார்.

வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. எனக்குச் சமையலறை, அவருக்குப் பிள்ளைகள். குழந்தைகள் பெரியம்மா என்று கூப்பிடப் போய், பால் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் பெரியம்மா ஆகிவிட்டார். அவருக்கென்று பிள்ளை இல்லை. கணவர் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவருடைய தம்பி வீட்டில், பின்பக்கத்து அறையில் குடியிருந்தார்.

பொறாமை அந்தத் தம்பி மனைவிமேல். ஓரகத்திகளுக்குள் நகைக்காகச் சண்டை வரும், அடுப்பங்கரைக்காக வரும். இவர்களுக்குள் ஆண்டவருக்காக வந்தது.

எங்கள் சபையில் ஞாயிறு பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இந்த ஓரகத்தி வாராவாரம் எழுந்துவிடுவாள். அதனால் அவளுக்குச் சாட்சியக்கா என்று பேர் வைத்தேன். தொலைந்த கம்மல் கிடைத்தது, முழங்கால் வலி பறந்தது, மகனுக்கு வேலை அமைந்தது. எதைச் சொன்னாலும், "ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'மகளே, உன்னை நேசிக்கிறேன்'னு காதுல சொன்னாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முடிப்பாள்.

ஒருமுறை, "துணி காயப் போட்டிருந்தேன், மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஜெபம் பண்ணினேன், அப்படியே விலகிப் போச்சு!" என்றாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. பெரியம்மா என் விலாவில் இடித்தார்.

"விலகி எங்க வந்துச்சு தெரியுமா? நம்ம காப்பகத்துக்கு. பிள்ளைங்க துணி அத்தனையும் தொப்பலா நனைஞ்சுபோச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது, "ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருக்காரா? எல்லாரையும் நேசிக்கிறாருன்னு பாஸ்டர் சொல்றாரு. எல்லாருக்கும்னு கொட்டி வச்சதுல எனக்கும் ஒரு கரண்டியா? அது எனக்கு வேண்டாம். அவகிட்ட சொன்னது நெஜம்னா, நான் அவருக்கு யாரு?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

நேரம் பார்த்து அந்த வாரம்தான் பாஸ்டர், "வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க சாட்சி சொல்லணும்மா" என்று அவரைக் கேட்டுவைத்தார்.

"சொல்றேன்" என்றார் பெரியம்மா என்னிடம். "என்கிட்ட அவரு எதுவுமே சொன்னதில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். அதோட சபைக்கு ஒரு முழுக்கு."

சொன்னால் செய்கிற ஆள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைப்போம். பெரியம்மா ஒவ்வொரு பாயாகக் குனிந்து ஒவ்வொரு காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டு போவார். அழுகிற பிள்ளைகூட அடங்கிவிடும். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை அதுவே வெடித்தது. அலறல் கேட்டுக் கரண்டியும் கையுமாக ஓடினேன். வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் சிறுமி, பக்கத்துப் பாய்க் குண்டுப் பையனின் தோளைக் கடித்துவைத்திருந்தாள்.

"'நீதான் என் செல்லம், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு என்கிட்டதானே சொன்னே பெரிம்மா? இவன்கிட்டயும் சொன்னியாம்!"

"என்கிட்டதான் சொன்னாங்க" என்றான் குண்டு, அழுகைக்கு நடுவில்.

வசமாக மாட்டிக்கொண்டாரே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யார்கிட்ட சொன்னது பொய்?" வாயாடி விடவில்லை.

பெரியம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "யார்கிட்டயும் பொய் சொல்லலைடி. அவனுக்கு முதுகைத் தட்டினாத்தான் தூக்கம் வரும். உனக்குத் தட்டினா கோபம்தான் வரும், காதைத் தடவணும். உன் காதைத் தடவறப்ப நான் உன்னைத்தானே நினைக்கறேன்?"

"அப்போ அவன்?"

"அவன்கிட்ட சொன்னது அவனுக்கு. உன்கிட்ட சொன்னது உனக்கு. அதுல அவனுக்குப் பங்கு கிடையாது."

சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிமிர்ந்தார். கை மட்டும் வாயாடியின் காதைத் தடவிக்கொண்டிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அழுதார். பிள்ளைகள் முன்னால் அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. வாயாடி பயந்துபோய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சியக்கா வழக்கம்போல் முதலில் எழுந்தாள், வழக்கம்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்துப் பெரியம்மா எழுந்தார். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் சொன்னாரு" என்றார். "காதுல."

சபை காத்திருந்தது.

"என்னன்னு கேட்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டாரு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. சாட்சியக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. இரண்டாவது சரணம்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை, என் பக்கம் சாய்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி? அக்காகிட்ட மட்டும் அப்படி என்னத்தைச் சொல்லியிருப்பாரு?"