தொடாதே என்றார்கள், கேட்காதே என்று சொல்லவில்லை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில் நர்சிங் மாணவனாகி, அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்குப் பயிற்சிக்குப் போன முதல் நாள், ‘ஸ்டூடண்ட்’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை நான் தாயத்து என்று நம்பினேன். என்னைக் கூட வைத்துப் பழக்க வேண்டியவர் ஷிவான் என்ற நர்ஸ். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நான் செய்யக்கூடாதவற்றை ஒரு தாளிலிருந்து வாசித்தார். தனியாக மாத்திரை கொடுக்கக் கூடாது. ட்ரிப்ஸ் ஏற்றும் மெஷின் கத்தினால் தொடக் கூடாது, தன்னைக் கூப்பிட வேண்டும். ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும்போது மொழிபெயர்க்கக் கூடாது. வாசிக்க வாசிக்க என் முகம் மலர்ந்தது. “இவ்வளவு கட்டுப்பாடு கஷ்டமா இருக்கா?” என்று கேட்டார். “இல்லை, ரொம்ப சந்தோஷம்” என்றேன். சரியான சோம்பேறி என்று நினைத்திருப்பார். தாளின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டு அதை என் கையிலேயே கொடுத்தார். நான் சந்தோஷத்தில் இருந்தேன், காதில் ஏறவில்லை.

என் சந்தோஷம் அவருக்கு எப்படிப் புரியும்? எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில், பத்தொன்பது வருடம் ஹெல்பராக இருந்தவன் நான். அங்கே ஹெல்பர் தொடக்கூடாதது என்று எதுவும் கிடையாது. வால்வு ஒழுகினால் ஹெல்பர், மோட்டார் புகைந்தால் ஹெல்பர், மேனேஜரின் கார் கிளம்பாவிட்டாலும் ஹெல்பர். சரியானால் ஃபோர்மேன் பெயர், வெடித்தால் என் பெயர். ஒருமுறை நான் ஜுரத்தில் விம்கோ நகர் வீட்டில் சுருண்டு கிடந்த நாளில் ஒரு பம்பு எரிந்துபோனது. மறுநாள் மெமோ என் கையில். “நான் லீவு சார்” என்றேன். “அதாம்பா எரிஞ்சிச்சி. நீ இருந்திருந்தா எரிஞ்சிருக்குமா?” என்றார் ஃபோர்மேன். அப்படிப் பழகியவனிடம் போய்த் ‘தொடாதே’ என்றால்? தொடாதவனுக்கு மெமோ கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு, மூன்று வாரம் கைகளைப் பின்னால் கட்டியபடி, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாபோல வார்டைச் சுற்றி வந்தேன்.

நான்காவது வாரம் பாய் வந்து சேர்ந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், எழுபதைத் தாண்டியவர். மகளைப் பார்க்க வந்த இடத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் காலை ஆபரேஷன். சம்மதம் வாங்க டாக்டர் வந்தபோது தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் பேசினார். நான் விதிப்படி திரைக்கு வெளியே நின்றேன். தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு, “ஒண்ணியும் கெடியாதுபா” என்றார் பாய். அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பதில் உண்மையா என்று யோசிக்கவா தோன்றும்?

பிற்பகல் அவருக்குத் தலையணை சரிசெய்யப் போனேன். தலையணைக்கு எனக்கு அனுமதி உண்டு.

“இன்னா நைனா, தமிழா நீ?”

“ஆமா பாய். விம்கோ நகர்.”

“அப்படிப் போடு! அங்கதான் நம்ம மச்சான் கீறான். வஞ்சிரம் இன்னா வெல விக்குது இப்போ?” நான் அன்று காலைதான் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்தவன் மாதிரி கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பைல ஒரு பாக்கு டப்பா கீது. காலைல எட்த்துக் குடு. தெனம் ஒரு மாத்திர போட்டுக்கணும்.”

“இன்னா மாத்திர பாய்?”

“நெஞ்சு தாறுமாறா அட்ச்சிக்குதுன்னு ஊர்ல டாக்டர் குட்த்தாரு. ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. இன்னிக்கும் போட்டுகினேன்.”

“டாக்டராண்ட இல்லன்னீங்களே?”

“எம் பொண்ணுக்குத் தெரியாது நைனா. தெரிஞ்சா என்னை ஊருக்கு வுட மாட்டா. ஃப்ரிஜ்ஜுல வெச்ச கத்திரிக்கா மாரி இங்கியே கெடக்கணும். நம்மூரு ஆளாச்சேன்னு சொன்னேன். வாயத் தொறந்துராத.”

ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரை. நாளை காலை முதுகுத்தண்டில் ஊசி, அப்புறம் கத்தி. இது ஆபத்து என்று எனக்கு ஆரம்பப் பாடத்திலேயே வந்தது. துணிகள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரே போர்வையைப் பதினொரு தடவை மடித்தேன். முதல் திட்டம்: எனக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது: திடீர் ஜுரம், வீட்டுக்குப் போய்விடலாம். ஜுரத்தில் கிடந்து மெமோ வாங்கியவன் நான், அது உடனே அடிபட்டது. மூன்றாவது: டப்பா தவறுதலாகத் தொலைந்துவிடலாம். ஆனால் காலையில் விழுங்கியது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை எங்கே தொலைப்பது? என் மனைவி செல்வி வேறோர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலையால்தான் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்தோம். ஆள் யார் என்று சொல்லாமல் அவளிடம் போனில் உளறினேன்.

“யாராண்ட சொன்னே இத?”

“மொதல்ல உங்கிட்டதான்.”

“நானா அந்த வார்டு நர்ஸு? போனை வெச்சிட்டு ஓடுய்யா!”

அப்போதுதான் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நோயாளிக்கு ஆபத்து என்று தெரியவந்தால் உடனே சொல்ல வேண்டும். ரகசியம் காப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. என் கைக்குத்தான் வேலி போட்டிருந்தார்கள். காதில் விழுந்ததற்குப் பொறுப்பு என்னுடையதுதான்.

பாய்க்குத் தெரியாமல் ஷிவானிடம் சொல்வது கோள்மூட்டுவதுபோல இருந்தது. அதனால் முதலில் பாயிடமே போனேன். “பாய், இத நான் சொல்லித்தான் ஆவணும். அறுத்தப்புறம் ரத்தம் நிக்காது.” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயும் வெள்ளக்காரனா பூட்டியா?” என்றார். தலையணையை இன்னொரு முறை சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

ஷிவானைத் தேடிப் பிடித்தபோது என் ஆங்கிலம் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. “மாத்திரை, டப்பா, நான்” என்றேன். அவர் முகம் வெளுத்தது. “நீ கொடுத்தாயா?” “இல்லை.” “நீ கொடுத்தாயா?” “இல்லை, இல்லை.” மூன்றாவது முறையும் அதையே கேட்டார். “நான் தொடவில்லை. கேட்டேன். காதால்!” என்று காதைப் பிடித்துக் காட்டினேன், பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போடுகிறவன் மாதிரி. அவர் உடனே பாயின் படுக்கைக்குப் போனார், டப்பாவைப் பார்த்தார், டாக்டருக்குப் போன் செய்தார். எல்லாம் நாலைந்து நிமிடத்தில்.

ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. நல்லபடியாக முடிந்தது. ஏன் தள்ளிப்போட்டார்கள் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்ததில், பாயே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அவருடைய ஊர் டிக்கெட்டை ரத்து செய்தாள். பாய் மேலும் பத்து நாள் அந்த வார்டில் இருந்தார். அந்தப் பத்து நாளும் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. தாகம் எடுத்தால் ஜன்னலைப் பார்த்தபடி, “வாட்டர், ப்ளீஸ்” என்பார். “யெஸ், சார்” என்று ஊற்றிக் கொடுப்பேன்.