பவுனு முதுகில் ஒன்பது நாள்

அழகுபாண்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றுகொண்டு, டீ நடந்துகொண்டு. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினால், பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடிதான் நிற்பார். வயது நாற்பத்து மூன்று. வேலை, மதுரை அழகர்கோவில் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில், ஒரு மாந்தோப்பை ஒட்டியுள்ள குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சியாளர். ஆறு குதிரைகள், நாற்பது மாணவர்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், ஒரு நகைக்கடைக்காரர், உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் ஒரு பெண் வக்கீல். எல்லாருக்கும் அவர் "மாஸ்டர்".

மாஸ்டர் பாடம் நடத்தும் முறை வேறு எங்கும் கிடையாது என்று பள்ளியின் உரிமையாளர் செல்வக்குமார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாணவரைச் சேணத்தில் ஏற்றிவிட்டு, குதிரையின் வாயிலிருந்து இரண்டு நீளமான வார்களைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து தன் கையில் பிடித்துக்கொள்வார். குதிரைக்குப் பத்தடி பின்னால் நடப்பார், ஓடுவார், கத்துவார். "இடுப்பை விடு! குதிகாலை இறக்கு! எங்க பாக்குற, தரையில காசா கெடக்கு? நேராப் பாரு!" குதிரை அவர் கையில், மாணவர் அவர் தொண்டையில். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டராவது நடந்துவிடுவார். குதிரை மிரண்டால் மாணவருக்குத் தெரியும் முன் அவருக்குத் தெரிந்துவிடும். வார் வழியாகவே வந்துவிடும் என்பார்.

அவரிடம் ஒரே ஒரு விஷயம் இல்லை. அவர் குதிரை ஏறியதே இல்லை.

இதில் பெரிய சூழ்ச்சி எதுவும் கிடையாது. இருபது வருடம் அவர் குதிரை வண்டிப் பந்தயத்தில் சாரதி. உசிலம்பட்டி, மேலூர் என்று பந்தயம் நடக்கும் ஊரெல்லாம் முதல் பரிசுக் கொடி வாங்கியவர். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வண்டிக் குதிரையின் முதுகில் யாரும் ஏறமாட்டார்கள். குதிரை வண்டிக்குப் பழக வேண்டும், ஆளுக்குப் பழகக் கூடாது. அப்படி ஒரு பந்தயத்தின் வீடியோவை செல்போனில் பார்த்துவிட்டுத்தான் செல்வக்குமார் ஊர் தேடிப் போனார். டைல்ஸ் வியாபாரி. "குதிரைன்னா உங்களுக்குத் தண்ணிபட்ட பாடாமே?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றார் அழகுபாண்டி. ஏறத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. குதிரைக்காரனிடம் போய் யார் அதைக் கேட்பார்கள்? பவுனு என்ற செம்பழுப்புப் பெண் குதிரையும் அவரோடு வந்தது. மணல் மூட்டை கட்டி அதைச் சேணத்துக்குப் பழக்கினார். முதலில் ஏறியவர் செல்வக்குமார்தான்.

முதல் மாதம் யாரோ "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க மாஸ்டர்" என்றபோது, "முட்டி வலி" என்று வாயில் வந்துவிட்டது. அந்த முட்டி வலி இரண்டு வருடமாக நீடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை செல்வக்குமார் காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருநூறு பிள்ளைகளை அனுப்பத் தயாராம். ஒரே நிபந்தனை, பயிற்சியாளருக்குச் சான்றிதழ் வேண்டும்.

"சென்னையிலேர்ந்து ஒருத்தர் வாராரு பாண்டி. ஜெயராம்னு. ராணுவத்துல குதிரைப் படையில இருந்து ரிட்டயர் ஆனவரு. அடுத்த ஞாயித்துக்கிழமை. நீ சும்மா நாலு ரவுண்டு ஓட்டிக் காட்டு, ஒரு பாடம் நடத்து, முடிஞ்சுபோச்சு."

"ஏறணுமாண்ணே?"

"பெறகு? குதிரை உன் மேல ஏறுமா?"

"முட்டி..."

"ஊசி போட்டுக்க. இல்லேன்னா கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு இருக்கு, சான்றிதழோட. அதை வரச் சொல்ல வேண்டியதுதான். எனக்கு இருநூறு பிள்ளைங்க முக்கியம்யா."

கார் போய்விட்டது. அழகுபாண்டி லாயத்தைச் சுற்றி ஏழு முறை நடந்தார். ஊரில் மனைவி மலையம்மாளை இப்போது மாஸ்டர் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பந்தயத்துக்குத் திரும்பினால் வண்டி பிடிக்க இளவட்டங்கள் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பத்து மூன்றில் அவரை யார் கூப்பிடுவார்கள்? ஏறத்தான் வேண்டும். ஒன்பது நாளில்.

கற்றுக்கொடுப்பது யார்?

வக்கீல் சத்யப்ரியாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஆறு மணி வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுவாள். அன்று மாலை அழகுபாண்டி அவளுக்குப் போன் செய்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வர முடியுமா வக்கீலம்மா? ஒரு கேஸ் இருக்கு" என்றார்.

மறுநாள் விடியலில் வந்து கேஸைக் கேட்டவள் மாமரத்தில் சாய்ந்து நின்று சிரித்தாள். பிறகு, "எனக்குப் போன வருஷமே சந்தேகம்ணே" என்றாள்.

"எப்படி?"

"முட்டி வலிக்காரரு காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உக்காரவே மாட்டேங்கிறாரே. எந்த முட்டிங்க வலிக்குதுன்னு மூணு தடவ கேட்டிருக்கேன். ரெண்டு தடவ வலதுன்னீங்க, ஒரு தடவ இடதுன்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கத்துக்கொடுக்கிறது நல்லாத்தான இருந்துச்சு. சரி, ஏறுங்க."

நீள வார்களை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டிவிட்டு, ஸ்டூல் போட்டுப் பவுனின் மேல் ஏறினார். ஏறியதும் முதலில் தோன்றியது, இதன் கழுத்து இவ்வளவு ஒல்லியா என்பதுதான். பின்னாலிருந்து பார்த்தால் குதிரை ஒரு சுவர். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பலகை, அதுவும் ஆடுகிற பலகை. பவுனு இரண்டு அடி வைத்தது. அழகுபாண்டி பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இடுப்பை விடு!" பின்னாலிருந்து சத்யப்ரியா கத்தினாள். அசல் அவருடைய குரல் மாதிரியே. "குதிகாலை இறக்கு! எங்க பாக்குற, தரையில காசா கெடக்கு?"

"ஏம்மா, கிண்டலா?"

"உங்க பாடம்ணே. ஒரு வார்த்தை மாத்தல."

இடுப்பை விட அவர் முயன்றார். எங்கே விடுவது என்று தெரியவில்லை. இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார், முன்னால் தள்ளிப் பார்த்தார். பவுனு நின்று, காதைத் திருப்பி, இது யார் என்று கேட்பது போல் பார்த்தது. இருபது நிமிடத்தில் தொடை இரண்டும் எரிந்தன. இறங்கும்போது கால் தரையில் நிற்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்குறேன். நான் இடுப்பை விடுன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"வயித்தை உள்ள இழுத்துக்குவேன்."

"அய்யோ, அது நேர் எதிரால்ல இருக்கு!"

"ஆமா. அப்புறம் அந்த நகைக்கடைக்காரர்தான் சொன்னாரு, மாஸ்டர் கத்தும்போது மூச்சை வெளிய விடு, இடுப்பு தானா இறங்கிரும்னு. அவருக்கு ஒரு காலேஜ் பொண்ணு சொல்லுச்சாம். புதுசா யார் சேந்தாலும் நாங்க மொதல்ல அதைத்தான் சொல்லிக்கொடுப்போம்."

அழகுபாண்டி வேலியோரம் அங்குமிங்கும் நடந்தார். இரண்டு வருடம். நாற்பது பேர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது.

"இன்னும் என்னென்ன சொல்லிக்குவீங்க?"

"நெறைய இருக்குண்ணே. நீங்க நேராப் பாருன்னா தூரத்துல அந்தப் பனைமரத்தைப் பாக்கணும். நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தா குதிரை மிரளப் போவுதுன்னு அர்த்தம், உடனே பிடரியைப் பிடிச்சுக்கணும்."

இரண்டாம் நாள் மூச்சை விட்டார். இடுப்பு உண்மையிலேயே இறங்கியது. மூன்றாம் நாள் டிராட், அதாவது துள்ளு நடை. ஒவ்வொரு துள்ளலுக்கும் பல் பல்லோடு மோதியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை. அந்தக் குலுக்கலில் கேட்பதெல்லாம் தன் நெஞ்சடிப்பு மட்டும்தான். பத்தடி பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினோமே, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்தார். யோசித்த நேரத்தில், சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியான ஸ்டிரப்பிலிருந்து வலது கால் நழுவியது. ஏழாம் நாள் கேன்டர், பாய்ச்சல் ஓட்டம். விழுந்தார். தோள்பட்டை வீங்கியது. மலையம்மாளிடம் போனில் குதிரை தட்டிவிட்டது என்றார்.

"உங்களையா? குதிரையா?" அவள் நம்பவில்லை. "எந்தக் குதிரைங்க? நாம வளத்ததா?"

"சரி, சரி, நான் போறேன், வகுப்பு இருக்கு" என்று போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராம் ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஒட்ட வெட்டிய நரைத்த தலை, கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். வேலியோரம் பெற்றோர்கள், மாணவர்கள், புது வெள்ளைச் சட்டையில் செல்வக்குமார். சத்யப்ரியா தள்ளி நின்று நகம் கடித்தாள்.

அழகுபாண்டி ஏறினார். நடை சரி. துள்ளு நடையும் பரவாயில்லை. கேன்டரில் பவுனு முக்கால் வட்டம் போனது. கடைசியில் ஒரு ஸ்டிரப் கழன்று தொங்க, மனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எப்படியோ விழாமல் நின்றுவிட்டார். ஜெயராம் தாளில் ஏதோ எழுதினார். செல்வக்குமாரின் புன்னகை பாதியாகக் குறைந்திருந்தது.

"பாடம் எடுங்க" என்ற ஜெயராம், வேலியோரம் நின்ற தீப்தி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். மகனைக் கொண்டுவந்து விட வந்தவர். குதிரை ஏறியதே இல்லை.

அழகுபாண்டி அவரைப் பவுனின் மேல் ஏற்றிவிட்டு, வழக்கம்போல் நீள வார்களை எடுத்தார். பின்னால் போய் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வார்களைச் சுருட்டிக்கொண்டு தீப்தியின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து, பவுனின் தோளை ஒட்டி நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வட்டம். இரண்டாவது வட்டம். இவ்வளவு நேரம் அவர் வாய் மூடி இருந்ததை யாரும் பார்த்ததில்லை. மாஸ்டர் பேசாவிட்டால் குதிரை மிரளும் என்று பழகிய மாணவர்கள் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது வட்டத்தில் கேட்டார்:

"எங்கம்மா வலிக்குது?"

"இங்க... இடுப்புக்குக் கீழ."

"மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. விடுங்க. அந்தா அந்தப் பனைமரத்தைப் பாத்துக்கிட்டே விடுங்க."

விட்டார். தோள் இறங்கியது. பவுனும் தலையைத் தாழ்த்திக்கொண்டது. தீப்தி முதல் முறையாகச் சிரித்தார்.

ஜெயராம் கையைக் காட்டி நிறுத்தினார். "நாலு நிமிஷம் ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?"

நல்ல பதில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அழகுபாண்டி இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்தார்.

"மேல இருக்கும்போது காது கேக்காதுங்க சார். எனக்கே இந்த ஒம்பது நாள்லதான் தெரிஞ்சுது."

"ஒன்பது நாளா?"

"அதுக்கு முந்தி நான் ஏறினதே இல்ல சார்."

ஜெயராம் தாளைத் திருப்பினார். பயிற்சியாளரின் குதிரையேற்ற அனுபவம் என்ற இடத்தில் செல்வக்குமார் கைப்பட எட்டு வருடம் என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் பார்த்தார், செல்வக்குமாரைப் பார்த்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். "பாடம் நல்லா எடுக்குறீங்க. ஆனா நூறு மணி நேரம் சேணத்துல இருக்கணும், அது விதி. ஒரு நோட்டுப் போடுங்க. ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பாத்த ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, வாரேன்."

அவருடைய கார் மறைந்ததும் செல்வக்குமார் பாய்ந்தார். "ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்க!"

"அவரு எங்க பொய் சொன்னாரு?" சத்யப்ரியா நடுவே வந்தாள். "ஏறத் தெரியுமான்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா? எட்டு வருஷம்னு எழுதினது நீங்கதான சார்?"

"முட்டி வலின்னான்ம்மா!"

"அது ஒண்ணுதான் பொய்."

செல்வக்குமார் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். கடைசியில் முடிவைச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பெண் அடுத்த மாதம் வருவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு. பழைய நாற்பது பேரும் குதிரைகளும் பாண்டிக்கு, நூறு மணி நேரம் முடிகிற வரைக்கும். முடிக்காவிட்டால் ஊருக்குப் போய்விட வேண்டும். "வாசல்ல மாஸ்டர்னு உன் பேரைப் போட்ட போர்டை நாளைக்குக் கழட்டு" என்றார் போகிற போக்கில்.

போர்டு கழன்றது. மாணவர்கள் கூப்பிடுவதை மட்டும் யாராலும் கழற்ற முடியவில்லை. பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்பதால் அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் நகைக்கடைக்காரர், செவ்வாய் கல்லூரிப் பெண்கள், புதன் வக்கீல். வேலியில் ஏறி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் மறுப்பார்கள். நடுவில் அழகுபாண்டி வட்டம் வட்டமாகச் சுற்றுவார். அவருக்குப் பெரிய கஷ்டம் கேன்டர் அல்ல. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது.

போன புதன்கிழமை, நூறில் இருபத்து மூன்றாவது மணி நேரம். வெயில் ஏறியிருந்தது. அவர் பவுனை நிறுத்தி, ஸ்டிரப்பிலிருந்து ஒரு காலை எடுத்து, இறங்கப் போனார். சத்யப்ரியா நோட்டைத் திறக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்பத்தி ரெண்டு நிமிஷம்தான்ணே ஆகியிருக்கு."

"எட்டு நிமிஷத்துல என்ன வக்கீலம்மா, போட்டு விடுங்க. கால் மரத்துப்போச்சு."

"பொய்க் கையெழுத்தா? நானா? என் வக்கீல் சன்னதே போயிரும். காலை உள்ள போடுங்க."

"கோர்ட்டுக்கு நேரமாகலையா உங்களுக்கு?"

"ஆகுது. அதனால சீக்கிரம் உக்காருங்க."

அழகுபாண்டி அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தோப்புக்கு அப்பால் போகும் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு எடுத்த காலைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பவுனை வேலியோரமாகத் திருப்பினார்.